பெயரில் ஓர் அந்தாதி

19ஆம் நூற்றாண்டு ஜப்பானில் பேர்பெற்ற நடிகரோ ஓவியரோ இறந்துவிட்டால், அவர் உருவத்தை மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்து விற்பார்கள். 1861இல் ஓவியர் குனியோஷி காலமானபோது அவரை அப்படி வரைந்தவர் அவருடைய மாணவர் யோஷிஇகு. குனியோஷியின் இன்னொரு மாணவர் யோஷிதோஷி. 1892இல் அவர் மறைந்தபோது, அவரிடம் பயின்ற தோஷிகாகே அவரை வரைந்தார். குனியோஷியின் ஆசான் தொயோகுனியில் தொடங்கி இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: தொயோகுனி, குனியோஷி, யோஷிதோஷி, தோஷிகாகே. ஆசான் பெயரின் பின்பாதி மாணவன் பெயரின் முன்பாதியாகிறது, நம் அந்தாதியேதான். ஆசானின் உண்மையான உருவம் அவரிடம் கற்ற கையில்தான் தங்குகிறது, முகச்சாயல் அதற்கு அடுத்தபடிதான் என்று நான் நினைப்பதற்கு இந்தப் பெயர்த்தொடரே முதல் சான்று.

பதிப்பாளர் காசுக்காகப் போட்ட படத்தில் குருபக்தி எங்கே என்று கேட்கலாம். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேலை நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும். மெல்லிய தாளில் ஓவியர் வரைந்ததைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் செதுக்குவார் மரச்செதுக்கர். அதோடு மூலப்படம் அழிந்துபோகும். மரத்தில் மிஞ்சுவது கோடு மட்டுமே. அந்தக் கோட்டை இழுக்கக் கற்றுக்கொடுத்தவரே அந்தப் படத்தில் இருப்பவர். யார் விற்றாலும் இந்த உறவு மாறாது.

திருமலைக் கோயிலுக்குள் உண்டியலுக்கு அருகே இருக்கும் சங்கீர்த்தன பண்டாரம் என்ற அறை இதே எண்ணத்தை வேறு வழியில் காட்டுகிறது. தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் (1408–1503) பாடல்களை மகன் பெத திருமலாச்சாரியார் செப்பேடுகளில் வெட்டுவித்து அங்கே வைத்தார். அறையின் இருபுறமும் இருவர் சிற்பங்களும் உண்டு. இது தந்தைக்கு மகன் செய்த கடன்தானே, இதில் குரு எங்கே என்பவர்கள் அந்த வீட்டை நினைத்துப் பார்க்கட்டும்: மகனும் சங்கீர்த்தனம் இயற்றினார், பேரன் சின்ன திருமலாச்சாரியார் அதற்கு இலக்கணமே எழுதினார். பிறப்பால் மட்டும் வந்துவிடும் வித்தையா அது? கல்லில் இருப்பது அன்னமாச்சாரியாரின் அசல் முகமா என்பது எனக்குப் பெரிய கேள்வியாகப் படவில்லை. செம்பில் இருப்பது அவர் சொல். அதை அப்படியே காத்தது அவரிடம் பயின்ற வீடு.

அப்படியானால் செம்பு போதுமே, கை எதற்கு? கனமான கேள்வி இது. பதிலும் அந்தச் செப்பேடுகளிலேயே இருக்கிறது. பாடலின் தலைப்பில் ராகத்தின் பெயர் உண்டு, சுரம் கிடையாது. பாடம் சொல்லிக்கொடுக்கும் வரிசை அறுந்தபோது மெட்டும் போய்விட்டது. 20ஆம் நூற்றாண்டில் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்றவர்கள் ஏடுகளைப் படித்துப் பதிப்பித்தார்கள். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்தார். இன்று திருப்பதியில் நாம் கேட்கும் அன்னமாச்சாரியார் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொல் அவருடையது, மெட்டு அண்மைக் காலத்தவருடையது.