பவர் பத்திரம் அனுப்புமுன்

கேளம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. உன் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாக்குதான் கட்டுக்குள் இல்லை, அதிரசம் கேட்கிறார்கள்.

போன வாரம் போனில் நீ சொன்னது மனசில் கிடந்து உறுத்துகிறது. "ஓ.எம்.ஆர். காசு வந்துதான் நம்ம குடும்பத்தைக் கெடுத்துடுச்சு அத்தை. தாத்தா காலத்துல இப்படியா இருந்தோம்?" என்றாய். சிங்கப்பூரில் இருந்து பார்க்கிறவனுக்கு அப்படித்தான் தெரியும். நிலத்தை விற்கச் சித்தப்பா உன்னிடம் பவர் கேட்கிறான். உன் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள், நான் அவள் பக்கம் நிற்கிறேன் என்று உனக்கு வருத்தம். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

தாத்தா காலத்தில் சண்டை இல்லை என்பது நிஜம்தான். சண்டை போட வேண்டியவர்களுக்குப் பேச வாயில்லை, அவ்வளவுதான். காசு வந்து கெடுத்தது என்கிறாயே, காசு வந்தபோது எல்லாம் ஏற்கெனவே எழுதி முடிந்திருந்தது. யார் பெயர் பட்டாவில் ஏற வேண்டும், யார் பெயர் ஏறக்கூடாது என்பதை நாம் யாரும் பிறப்பதற்கு முன்னாலேயே இந்தச் சீமையில் தீர்மானித்துவிட்டார்கள்.

செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாப் 1763ல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வரி யாரிடம் வாங்குவது என்று தெரிந்துகொள்ள வெள்ளைக்காரன் ஊர் ஊராகக் கணக்கெடுத்தான். மிராசுதார்களின் பங்கு அந்தக் கணக்கில் ஏறியது. ஊருக்கு இத்தனை பங்கு, அதில் நன்செய் புன்செய் மட்டுமா, தரிசுக்கும்கூட அவர்களுக்கே முதல் பாத்தியதை. வெளியாள் ஒருத்தன் தரிசுக்குத் தர்காஸ்து போட்டால், மிராசுதார் "எனக்கு வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏர் ஓட்டியவனுக்குக் குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லை. கூலி கூடக் கேட்டால் மனையைக் காலி செய் என்பார்கள்.

இதைத்தான் 1891ல் இங்கே கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் ஒரு பெரிய அறிக்கையாக எழுதி மேலே அனுப்பினார். மறுவருஷம் 1892 செப்டம்பர் 30ல் அரசாணை வந்தது. அதன்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கொடுத்ததுதான் பஞ்சமி நிலம். நம் பக்கம் டி.சி. நிலம் என்பார்கள். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று வழக்கமாகச் சொல்வார்கள். முதல் 10 வருஷம் அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்க வேண்டும். வேறு யார் வாங்கினாலும் செல்லாது.

நம் முன்னோர் மிராசுதார்கள் இல்லை. குத்தகைக்கு உழுது, கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தவர்கள். அதைச் சொல்லித்தான் தாத்தா பெருமைப்படுவார். மேலே இருந்தவன் நம்மை எப்படி நடத்தினான் என்று விடிய விடியச் சொல்வார். கீழே இருந்தவனை நாம் எப்படி நடத்தினோம் என்பது மட்டும் அந்தக் கதையில் வராது.

உனக்கு அந்தக் கிழக்குக் கழனி நினைவிருக்கும். உப்பளம் தெரியும் மேட்டில் நின்று பட்டம் விடுவாயே, அதற்குக் கீழே அறுபது சென்ட். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயசு. சொர்ணவாரி அறுப்பு முடிந்த சமயம் காலனியில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். மகள் கல்யாணத்துக்குப் பணம் கேட்டார். திண்ணையில் ஏறவில்லை, கீழேயே நின்றார். தாத்தா பணமும் இரண்டு மூட்டை நெல்லும் கொடுத்து, வெள்ளைத்தாளில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கைநாட்டு வாங்கினார். மை காயட்டும் என்று அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மறுநாளில் இருந்து அவர் அதே நிலத்தில் நமக்குக் கூலிக்கு ஏர் ஓட்டினார். அவர் சம்சாரம் உப்பளத்தில் உப்பு சுமந்தது. உப்புத்தண்ணீர் அரித்து அந்த அம்மா பாதத்தில் வெடிப்பு விழுந்திருக்கும், விரல் நுழைகிற ஆழத்துக்கு.

அப்புறம் யூ.டி.ஆர். வந்தது. 1979ல் தொடங்கிப் பல வருஷம் நடந்த கணக்கெடுப்பு. "யார் அனுபவம்?" என்று கேட்டார்கள், தாத்தா "என் அனுபவம்" என்றார். பட்டா அவர் பெயருக்கு வந்துவிட்டது. ஊரே அதை நம் நிலம் என்று பேசிப் பழகிவிட்டது, நாமும் நம்பிவிட்டோம்.

உன் அப்பா இறந்த பிறகு பத்திரங்களை அடுக்கும்போது, யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் 'அ' பதிவேட்டின் நகல் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் "டி.சி." என்று இரண்டே எழுத்து. சித்தப்பாவிடம் காட்டினேன். "இதெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்றான்.

தாத்தா பார்த்திருக்கிறார், தம்பி. 1994 அக்டோபர் 10ந்தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாமல்லபுரம் பக்கம் காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போராடினார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் உயிர் போனது. அந்த வாரம் பேப்பர் படித்துவிட்டு, தாத்தா அந்த வெள்ளைத்தாளை எடுத்துப் பீரோவின் அடித்தட்டில், பாட்டியின் கூறைப்புடவைக்குக் கீழே வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் நாம் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் கதையும் அதே வகைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை என்று 1989ல் சட்டம் வந்தது. மார்ச் 25க்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. நான் 84ல் கல்யாணமானவள். 92ல் அண்ணன் தம்பி இருவருக்கும் பாகம் பிரித்துப் பதிவு செய்தார்கள். எனக்குப் பண்ணிய சீர்தான் என் பங்கு என்றார்கள். 2005ல் டெல்லியில் சட்டம் திருத்தினார்கள். ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. இரண்டு தடவை வந்த பஸ்ஸும் என்னை ஏற்றாமல் போய்விட்டது. எனக்கு அதில் கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

உன் தங்கை கதை அப்படி இல்லை. உயில் எழுதாமல் போன உன் அப்பாவின் சொத்தில் உன் அம்மாவுக்கும் உனக்கும் அவளுக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயரும் இருக்கிறது. டைடல் பார்க் வந்து, சிறுசேரியில் ஐ.டி. கம்பெனிகள் வந்து, ஓ.எம்.ஆர். ரோடு ஆறு வழியாகி, நம் ஊர்க் கழனி சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிற வரைக்கும் அவளிடம் யாராவது ஒரு கையெழுத்துக் கேட்டார்களா? விலை இல்லாத நிலத்துக்குப் பெண்பிள்ளை கையெழுத்து எதற்கு? இப்போது கேட்பதால்தான் அவளுக்கு மாட்டேன் என்று சொல்ல ஒரு இடம் கிடைத்தது. நீ "குடும்பம் கெட்டுப்போச்சு" என்பதை, நான் "அவள் முதல்முறையாகப் பேசுகிறாள்" என்பேன். சித்தப்பா கெட்டவன் இல்லை. அவன் பெண் கல்யாணக் கடன் அவனை அரிக்கிறது. பக்கத்துக் கழனிக்காரன் விற்றுப் படூரில் வீடு கட்டிவிட்டான், அதுவும் அரிக்கிறது.

அந்தப் பெரியவரின் பேரன் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் "டீச்சரம்மா" என்று பையை வாங்கிக்கொள்வான். அந்த அறுபது சென்ட் பற்றி அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. இனி கேட்கப் போகிறேன். நகலையும் அவனிடம் கொடுக்கப் போகிறேன். இதைச் சித்தப்பாவுக்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முக்கியமாக எழுதுகிறேன்.

பவர் அனுப்பாதே. பொங்கலுக்கு நேரில் வா. கிழக்குக் கழனியை விற்பனையில் சேர்க்கக்கூடாது என்று சித்தப்பாவிடம் நீயே சொல். வாங்குகிறவனும் நாளைக்கு நம் வாசலில்தான் வந்து நிற்பான். மீதியை விற்பதென்றால் உன் தங்கை சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்து விற்கிறவளாகக் கையெழுத்துப் போடட்டும், விட்டுக்கொடுக்கிறவளாக வேண்டாம். டிக்கெட் போட்டதும் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அத்தை