இருவகை இறந்தகாலம்

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் காலம் மூன்றென வகுத்தார். ஆயினும் ‘எழுதினான்’ என்பதற்கும் ‘எழுதிக்கொண்டிருந்தான்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை நம் வீட்டுச் சிறுவனும் பிழையின்றி உணர்வான். ஆங்கிலம் எழுதப் புகுங்கால் அவ்வுணர்ச்சியை நம் மாணாக்கர் ஏனோ வகுப்பறை வாயிலிலேயே விட்டுவிடுகின்றனர்.

நெடுநேரம் நிகழ்ந்ததற்குத் தொடர் இறந்தகாலமும், விரைவில் முடிந்ததற்குச் சாதாரண இறந்தகாலமும் வரும் என்று கருதுவோர் பலர். இது பொருந்தாது. ஒருவர் மதுரையில் 10 ஆண்டுகள் வாழ்ந்து நீங்கினாரெனின், ஆங்கிலேயர் ‘லிவ்ட்’ என்றே சொல்லி முடிப்பர். இரண்டே நிமிடம் குடை தேடியவனையோ, தேடும்போதே மழை பிடித்துக்கொண்டது என்று சொல்ல வருங்கால், தொடர் இறந்தகாலத்திலேயே கூறுவர். கால அளவு அன்று, சொல்லுவோன் நிற்குமிடமே இதனைத் துணிவது. நிகழ்ச்சியை அதன் முடிவுக்கு அப்பால் நின்று முழுமையாக நோக்குகின்றானா, அதன் நடுவே நின்று நோக்குகின்றானா என்பதே வினா.

‘அறிந்திருந்தேன்’ என்பதிலுள்ள ‘இருந்தேன்’ கண்டு ‘வாஸ் நோயிங்’ என்றெழுதுவதும் நம்மவரிடை வேரூன்றிய வழக்கு. அறிதல் போன்று நிலையைக் குறிக்கும் வினைகள் ஆங்கிலத்தில் அவ்வாறு வாரா. அதனைத் திருத்துதல் எளிது; ஆசிரியர்க்குச் சிவப்பு மை ஒன்றே போதும். மை போதாத இடமும் உண்டு.

சில ஆண்டுகட்கு முன் மாணாக்கர் ஒருவர் தம் கட்டுரையில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் தம் பாட்டனார் ‘வாஸ் டையிங்’ என்று எழுதியிருந்தார். ‘டைட்’ என்பதே வேண்டுமெனப் பலரும் திருத்தியிருப்பர். யான் அவரை அழைத்து, “பாட்டனார் காலஞ்சென்றனரோ?” என்று வினவினேன்.

“ஆம் ஐயா, தை மாதத்தில். ஆயின் யான் எழுதியது மார்கழி இரவுகளைப் பற்றி. அப்பொழுது அவர் இருந்தார்” என்றார்.

‘டைட்’ என்னும் சொல்லில் மரணம் முற்றிவிட்டது. ‘வாஸ் டையிங்’ என்பதிலோ உயிர் ஊசலாடுகின்றது. பிழைத்தெழுந்தவரைப் பற்றியும் அவ்வாறு கூறலாம். அம்மாணாக்கர் கருதியதும் அதுவே. அவர் வாக்கியத்தை அவ்வண்ணமே விட்டு மேலே படித்தேன். அடுத்து வந்தவை யாவும் சாதாரண இறந்தகாலத்தில் அமைந்திருந்தன: பாட்டனார் தண்ணீர் கேட்டார்; பேரன் கொடுத்தான்; விளக்கைத் தூண்டச் சொல்லி, ஒரு சங்கீதம் வாசிக்கும்படி பணித்தார்; அவன் வாசித்தான்.