111 மீட்டரும் 67 மீட்டரும்

குடியிருப்புப் பகுதிகளில் எந்த வண்டியும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மற்ற சாலைகளில் காருக்கு 60, பஸ் லாரிக்கும் இரு சக்கர வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40. நம் தெருக்களுக்குள் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே கணக்கு, 30.

பேப்பரில் அதைப் படித்ததும் என் மகன் சிரித்தான். "முப்பதுல போனா நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்த மாதிரிதான், போங்கப்பா!"

ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனுக்கு நிமிஷக் கணக்கு சும்மா விடாது. எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோடு அரை கிலோமீட்டர். 50-இல் போனால் 36 வினாடி. 30-இல் போனால் ஒரு நிமிஷம். வித்தியாசம் 24 வினாடி. மெயின் ரோட்டு சிக்னலில் அவன் நிற்பது இதைவிட அதிகம். இதைச் சொன்னதும், "நீங்க வண்டி ஓட்டறதில்லை, அதனால சொல்றீங்க" என்றான்.

உண்மைதான், நான் நடக்கிறவன். அதனால் நடக்கிறவர்கள் பக்கமிருந்தும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

என் மனைவிக்கு இரண்டு வருஷம் முன்பு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. எதிர்ப்பக்கம் இருக்கிற பால் பூத்துக்குப் போக அவள் 20 அடித் தெருவைக் கடக்க வேண்டும். கையில் வாட்சை வைத்துக்கொண்டு பார்த்தேன். எட்டு வினாடி ஆகிறது. அந்த எட்டு வினாடியில் 50-இல் வரும் பைக் 111 மீட்டர் ஓடிவிடும். 30-இல் வந்தால் 67 மீட்டர்தான்.

அதாவது, வண்டி 50-இல் வருகிற தெருவில் அவள் பத்திரமாகக் கடக்க வேண்டுமானால், 111 மீட்டருக்கு அப்பால் வருவது கண்ணில் பட வேண்டும். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் தெரியாது. நடுவில் ஒரு வளைவு, ஓரமெல்லாம் நிறுத்தி வைத்த கார்கள். போதாததற்கு எங்கள் வயதில் கண்ணில் புரை வேறு. 67 மீட்டர் என்றால் சமாளித்துவிடலாம். பார்த்துக் கடக்க வேண்டியதுதானே என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள், எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்று சொல்வதில்லை. அந்தத் தூரத்தை முடிவு செய்வது வண்டி ஓட்டுகிறவரின் வேகம்தான்.

அதையும் மீறி இடித்துவிட்டால்? வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் இயக்க ஆற்றல் கூடும் என்று பள்ளியில் படித்தோம். 30-ஐவிட 50-இல் வரும் வண்டியிடம் அது ஏறக்குறைய 2.8 மடங்கு. எழுபது வயது எலும்பு தாங்குமா?

எனக்கு இருக்கிற குறை வேறு. ரயில்வேயில் ஒரு இடத்தில் தண்டவாள வேலை நடந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லி டிரைவருக்கு 'காஷன் ஆர்டர்' என்று எழுதிக் கொடுப்போம், கையெழுத்து வாங்குவோம். அதோடு விடமாட்டார்கள். அந்த இடம் வருவதற்கு வெகு முன்பே எச்சரிக்கைப் பலகை இருக்கும். இடம் தொடங்கும்போது வேகம் எழுதிய மஞ்சள் பலகை, முடிந்த பிறகு பழைய வேகத்துக்குப் போகலாம் என்று இன்னொரு பலகை. எந்த டிரைவரும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வழியில்லை.

எங்கள் தெருவில் 30 என்று எழுதிய பலகை ஒன்றுகூட இல்லை. வெள்ளைப் பட்டை அழிந்துபோன ஒரு வேகத்தடை இருக்கிறது. அது அருகில் வந்து தூக்கிப் போட்ட பிறகுதான் தெரியும். போன வாரம் சாப்பாடு கொண்டுவந்த பையனிடம், "தம்பி, இந்தத் தெருவுல முப்பதுதான், தெரியுமா?" என்று கேட்டேன். "அப்படியா சார்? எங்க போட்டிருக்கு?" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவன் மேல் கோபமும் வரவில்லை. தாமதமானால் அவனுக்கு அங்கே திட்டு விழும். பாவம், வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

நீங்களும் உங்கள் தெருவில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிதானமாகக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். அதை 14-ஆல் பெருக்கினால் 50-இல் வருகிற வண்டிக்கான தூரம், 8-ஆல் பெருக்கினால் 30-இல் வருகிற வண்டிக்கான தூரம், மீட்டரில் கிடைத்துவிடும். அத்தனை மீட்டர் தூரம் வாசலில் நின்று உங்களுக்குத் தெரிகிறதா?

எதிர்வீட்டு பேங்க் சாரும் நானும் கவுன்சிலரிடம் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். தெருவின் இரண்டு முனையிலும் 30 என்று பலகை, வேகத்தடைக்குப் புதுப் பெயின்ட், அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கைப் பலகை. கேட்டிருப்பது இவ்வளவுதான். இதுவரை 41 கையெழுத்து சேர்ந்திருக்கிறது. நான்காவது கையெழுத்து என் மகனுடையது. இன்னும் போடாத நம் தெருக்காரர்கள் சாயங்கால நடைக்கு வரும்போது எங்கள் கேட்டைத் தட்டுங்கள். பேனா நான் தருகிறேன்.