வெலிமடைக் காற்றில் ஒரு பாய்க்கப்பல்

நுவரெலியாவிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதி, ஹக்கலையைத் தாண்டியதும் வளைந்து வளைந்து இறங்கி வெலிமடையை அடைகிறது. மூவாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில், படிப்படியான வயல்களும் உருளைக்கிழங்குத் தோட்டங்களும் சூழ, உமா ஓயாவின் அருகே அமைந்த ஊர் இது. கடலுக்கும் இவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் ஊவாத் தோட்டங்களில் வாழும் நம்மவரின் முன்னோருள் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோணியேறிக் கடல் கடந்தே இம்மலைக்கு வந்தனர். பாய்க்கலம் ஒன்றைச் சிறு உருவில் செய்து, வானொலி அலையால் செலுத்திப் பார்ப்பது இங்குள்ள மாணவருக்கு இன்பமும் அறிவும் ஒருங்கே தருவதாகும்.

எந்தக் கப்பலைச் செய்வது? வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய 'அன்னபூரணி' இருக்கிறதே! இரு பாய்மரங்கள் கொண்ட அக்கப்பல், வல்வை மாலுமிகளுடன் பெருங்கடல் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதன் நீளம் 89 அடி. முப்பதில் ஒரு பங்காகச் செய்தால் ஏறக்குறைய மூன்றடி வரும்.

முதலில் ஏரா எனப்படும் அடிமரத்தை நிறுத்தி, வங்குகளாகிய விலாச்சட்டங்களைப் பொருத்தவேண்டும். அவற்றின்மேல் மெல்லிய பலகைக் கீற்றுகளை ஒட்டி, நீர் புகாவண்ணம் ரெசின் பூசவேண்டும். உள்ளே ஒரு மின்கலமும் இரு சிறு மோட்டார்களும் போதும். ஒன்று சுக்கானைத் திருப்பும், மற்றது பாய்க்கயிற்றை இழுத்து விடும். 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா, நியூயோர்க்கில் கம்பியின்றிப் படகு செலுத்திக் காட்டினார். இன்றைய கருவிகளின் அலைகளை நீர் விழுங்கிவிடுமாதலால், அலைவாங்கியை நீர்மட்டத்துக்கு மேலே வைத்தல் அவசியம்.

இனித்தான் உண்மையான சோதனை. ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று, மழையை மேற்குச் சரிவுகளில் பெய்துவிட்டு, வறண்டு ஊவாவினுள் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருவது இக்காற்றே. சிறு கப்பலைக் குப்புறக் கவிழ்ப்பதும் இதுவே! காரணம் யாது? நீளம் முப்பதில் ஒன்றாகும்போது பாயின் பரப்பு 900இல் ஒன்றாகிறது; எடையோ 27,000இல் ஒன்றாகிவிடுகிறது. காற்று மட்டும் சிறிதாவதில்லை. கணக்கிட்டால், பெரிய கப்பலோடு ஒப்பிட, காற்றை எதிர்த்து நிமிரும் ஆற்றல் முப்பது மடங்கு குறைந்திருக்கக் காண்போம். ஆகவே ஏராவின் கீழே ஒரு தகட்டைப் பொருத்தி, அதன் நுனியில் ஈயக்குண்டைத் தொங்கவிடுவர். கப்பலைக் காட்சிக்கு வைக்கும்போது அதைக் கழற்றிவிடலாம்.

ஓடும் உமா ஓயா இதற்கு ஏற்றதன்று. புகுல்பொலையில் அதனை மறித்துக் கட்டிய அணைப்பக்கமும் விளையாடும் இடமன்று. ஆழமற்ற, தேங்கிய குளமே நன்று. அனுமதி கிடைக்குமாயின், 1873இல் உருவான நுவரெலியா கிரகரி ஏரி மிகச் சிறந்தது. எங்கு விட்டாலும், மூத்தவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

மூலத்தை அப்படியே சுருக்கினால் அழகிய பொம்மை கிடைக்கும். அது மிதந்து ஓடவேண்டுமாயின், எவை சுருங்கா என்பதை அறிந்து செய்தல் வேண்டும். அந்த அறிவே இப்பொழுதுபோக்கு மாணவருக்கு அளிக்கும் பெரும் பரிசு.