எங்கள் வீட்டுக் கவுன்சலிங்

2024-ம் வருஷம் மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் இருக்கும் எங்கள் வீட்டில் பீரோவைக் கவிழ்க்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தேன். பெரியவளின் சாதிச் சான்றிதழைக் காணோம். ரேஷன் கார்டு இருக்கிறது, கேஸ் புத்தகம் இருக்கிறது, மாமனார் காலத்து வீட்டு வரி ரசீது கூடப் பத்திரமாக இருக்கிறது. வேண்டியது மட்டும் இல்லை. எந்த வீட்டில்தான் அப்படியில்லை, சொல்லுங்கள்!

கூறைப் புடவைக்கு அடியிலிருந்து ஒரு பழுப்பு உறை கைக்கு வந்தது. பிரித்த பிறகுதான் என்னவென்று ஞாபகம் வந்தது. 1998-ல் என் பெயருக்கு வந்த இன்ஜினீயரிங் கவுன்சலிங் அழைப்புக் கடிதம். கிண்டி, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு இன்ன தேதியில், இன்ன நேரத்துக்கு வரவும் என்று இருந்தது.

பின்னாலேயே நின்ற பெண் எட்டிப் பார்த்துவிட்டாள். "அம்மா, உனக்கா? நீ சொல்லவே இல்லியே?"

"சொல்ற மாதிரி என்ன இருக்கு? போனோம், வந்தோம்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது என்றும் சொல்லலாம்.

நான் பிளஸ் டூ படித்தபோது நுழைவுத் தேர்வு உண்டு. 1984-ல் ஆரம்பித்தது அது. பிளஸ் டூ மார்க்கை 200-க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வு மார்க் 100-ஐச் சேர்த்து 300-க்குக் கணக்குப் போடுவார்கள். ஒரே இடத்தில் எல்லாக் கல்லூரிகளுக்கும் கவுன்சலிங் என்ற முறை 1997-ல்தான் வந்திருந்தது. அதற்கு அடுத்த வருஷமே நாங்கள் போனோம். ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் கிண்டி. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் பாக்கி என்று காட்டிக்கொண்டே இருந்தார்கள். கண் முன்னாலேயே எண்கள் குறைந்துகொண்டே வரும். பத்து, எட்டு, மூன்று. தேர்த் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவள் மாதிரி எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என் முறை வந்தபோது கிண்டியிலேயே சிவில் பிரிவில் இடம் இருந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். அப்பா என்னைப் பார்த்தார், அந்த எண்ணைப் பார்த்தார். "மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் எப்படிம்மா தூங்குவேன்?" என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை. இது மட்டும்தான் சொன்னார். முடிவு சொல்லக் கொடுத்த சில நிமிஷங்கள் அதிலேயே போய்விட்டன. திரும்பும் வழியில் விழுப்புரத்தில் பஸ் நின்றபோது எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தந்தார். தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வருஷமே சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். நல்ல கல்லூரி, நல்ல தோழிகள், குறையொன்றுமில்லை. ஆனாலும் அந்த உறையை நான் கிழித்துப் போடவில்லை பாருங்கள்.

என் பெண்ணுக்கும் சிவில்தான் வேண்டுமாம். ரத்தத்தில் சிமெண்டு கலந்திருக்கிறது போல! அவள் வாங்கிய மார்க்கை இங்கே எழுத அவள் அனுமதி தரவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த மூன்று மாதத்தில் நான் தெரிந்துகொண்டதை எழுதலாம் அல்லவா? இந்த வருஷம் பிளஸ் டூ பிள்ளை வைத்திருக்கும் அம்மாக்களுக்கு உதவும்.

முதலில் எதிர் வீட்டு அக்கா வந்தார். "600-க்கு இவ்வளவு வாங்கியிருக்காளே, எங்க கேட்டாலும் கிடைக்கும்" என்றார். 600 இங்கே எடுபடாது என்பது அப்போது எனக்கே தெரியாது. நுழைவுத் தேர்வை 2007-லிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது இன்ஜினீயரிங்குக்கு மூன்று பாட மார்க்தான் கணக்கு. கணிதம் 100 அப்படியே. இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 என்றால் 92-ம் 44-ம் 42-ம் சேர்த்து 178. தமிழில் 98 வாங்கியிருந்தால் அம்மா சந்தோஷப்படலாம், கட்-ஆஃப் அசையாது. கணிதத்தில் போகும் ஒரு மார்க், மற்ற இரண்டில் போகும் இரண்டு மார்க்குக்குச் சமம். பரீட்சைக்கு முந்தியே இது எனக்குத் தெரிந்திருந்தால் டியூஷனை வேறு மாதிரி வைத்திருப்பேன்.

அடுத்த குழப்பம், தகுதிக்கும் வாய்ப்புக்கும் உள்ள வித்தியாசம். பொதுப் பிரிவுக்கு இந்தப் பாடங்களில் சராசரி 45 சதவீதம், மற்றப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அது தகுதி. அதை வைத்துக்கொண்டு "என் பையனுக்குத் தகுதி இருக்கு, இடம் தரமாட்டேங்கிறாங்க" என்று புலம்புகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் ஊருக்கு வருகிற அத்தனை பேருக்கும் வரிசையில் நிற்க உரிமை உண்டு. பரமபத வாசல் திறக்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பது வேறு கதை. தரவரிசை எண் என்பது அந்த நிற்கிற இடம்.

போன வருஷத்து கட்-ஆஃப் என்று சொல்கிறார்களே, அது யாரும் முன்கூட்டி வைத்த தடை இல்லை. அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், அந்த சாதிப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த பிள்ளையின் மார்க், அவ்வளவுதான். கவுன்சலிங் வலைத்தளத்திலேயே முந்தைய வருஷங்களின் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். ஒரு வருஷம் கணிதத்தில் நூற்றுக்கு நூறு நிறையப் பேர் வாங்கினால் மேலே ஏறும். கேள்வித்தாள் கடினமாக இருந்தால் இறங்கும். அதனால் மார்க்கை மட்டும் ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். தரவரிசை வந்த பிறகு, போன வருஷம் எந்த எண் வரைக்கும் கிடைத்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சாதிப் பிரிவுக்கென்று தனி எண்ணும் தருகிறார்கள்.

இட ஒதுக்கீடு பற்றியும் எனக்கு ஒரு தப்பு எண்ணம் இருந்தது. ஓ.சி. என்று போட்ட 31 சதவீதம் முற்பட்ட வகுப்பாருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். அது மார்க் வரிசையில் எல்லோருக்கும் பொது. மிச்சம் 69 சதவீதத்தில் பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிம்களுக்கு 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினருக்கு 20, எஸ்.சி.க்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி.க்கு 1. நாங்கள் பி.சி.; ஆகவே இரண்டு பத்தியையும் பார்க்க வேண்டும்.

அம்மா மண்டபம் போகும் வழியில் பூக்கட்டும் பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். அவள் மகனும் அதே வருஷம் எழுதினான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. "அக்கா, 7.5 சதவீதம்னு ஏதோ சொல்றாங்களே?" என்றாள். ஆமாம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும், இன்ஜினீயரிங்கில் 2021-லும் வந்த உள் ஒதுக்கீடு. படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசாங்கமே ஏற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேதான் படித்தான் என்று பள்ளியில் சான்று வாங்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்கள் உண்டு. என் பெண் படித்தது உதவி பெறும் பள்ளி; எங்களுக்கு அது இல்லை. வீட்டில் முதல் பட்டதாரி என்ற சலுகையும் இல்லை. அதுதான் நான் பி.எஸ்ஸி. முடித்துத் தொலைத்திருக்கிறேனே!

இன்னொன்றைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. துவாக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்.ஐ.டி.யைப் பார்த்திருக்கிறேன். 1964-ல் ஆர்.இ.சி. என்று ஆரம்பித்து, 2003-ல் பேர் மாறியது. அங்கே பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. ரிசல்ட் வந்த பிறகு "அங்கே விண்ணப்பம் எப்போ?" என்று கேட்டேன். பெண் சிரித்தாள். ஜே.இ.இ. தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் முடிந்துவிட்டது. பிளஸ் டூ மார்க்கை மட்டும் கொண்டுபோனால் உள்ளே விடமாட்டார்கள். பதினோராம் வகுப்பிலேயே யோசிக்க வேண்டிய விஷயம் அது. அந்தப் பாதி இடத்தில் கூட ஒரு சங்கதி இருக்கிறது. பிறந்த ஊரோ, ரேஷன் கார்டோ அதற்குக் கணக்கில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தார்களோ, அதுதான் சொந்த மாநிலம். கோச்சிங்குக்காகப் பிளஸ் டூவுக்கு ஆந்திராவுக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தரவரிசை ஜூலையில் வந்தது. அதற்குப் பிறகு ஆடி பிறந்து, மேட்டூர் நிரம்பி, காவிரியிலும் கொள்ளிடத்திலும் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. இப்போது கிண்டிக்கு ஓட வேண்டாம். 2018-லிருந்து வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு அனுப்பலாம். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம். நான் ஒரு பழைய கணக்கு நோட்டில் பட்டியல் எழுதினேன். முதல் வரி, திருச்சியிலேயே இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. வளாகம். இரண்டாவது, சேதுராப்பட்டியில் இருக்கும் ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரி. காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

பெண் தனியாக ஒரு தாளில் எழுதியிருந்தாள். முதல் வரி கிண்டி. அப்புறம் கோயம்புத்தூர், சேலம், காரைக்குடி என்று கலந்து கலந்து இருந்தது. பி.ஐ.டி. பதினொன்றாவது வரி.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் பையனிடம் கேட்டேன். "கிடைக்கிறதை முதல்ல போடுங்க ஆன்ட்டி. பெரிய காலேஜைப் போட்டா கீழே இருக்கிறதும் போயிடும்" என்றான். அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தேன். பெண் நம்பவில்லை. மறுநாள் அவளே அப்பாவை இழுத்துக்கொண்டு திருச்சியில் இருக்கும் உதவி மையத்துக்குப் போய் வந்தாள். அங்கே சொன்னது வேறு. கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொருவராகக் கூப்பிடும். நம் முறை வரும்போது முதல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. கிண்டியை முதலில் எழுதியதற்காகப் பதினொன்றாவது வரியில் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆனால் எளிதில் கிடைப்பதை முதலில் எழுதினால், அதைக் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். மேலே தேடாது.

"இப்ப சொல்லும்மா, நோட்டுல இருக்கறதா, தாள்ல இருக்கறதா?"

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. உள்ளதைச் சொல்கிறேன். அந்தப் பையன் சொன்னதை நான் நம்பினேன் என்பதைவிட, அது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் நிஜம். "கோயம்புத்தூர்ல தனியா விட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். யார் குரல் அது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கூடத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மாமியார் தலையைத் தூக்காமலே, "தூக்கம் வரலேன்னா முழிச்சுக்கிட்டு இருக்கலாம், அதுக்கென்ன" என்றார். அந்த 1998 கதை அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெண்தான் சொல்லியிருப்பாள்.

அவள் தாளில் இருந்தபடியே பட்டியல் போயிற்று. ஆனால் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வரியையும் நான் வாசிக்க வேண்டும், அவள் கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்று. ஒரே மாதிரிப் பெயரில் எத்தனை கல்லூரிகள்! இரண்டு இடத்தில் எண் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தோம். அந்தப் பெருமை எனக்குத்தான்.

முதலில் வந்தது பதினொன்றாவது வரி. பி.ஐ.டி., சிவில். நான் சாமி விளக்கை ஏற்றிவிட்டேன். பெண்ணோ, 'ஏற்றுக்கொள்கிறேன், மேலே கிடைத்தாலும் வேண்டும்' என்ற முடிவைத் தேர்ந்தெடுத்தாள். பணத்தை உதவி மையத்தில் கட்டினோம். இதற்கெல்லாம் கெடு உண்டு. தவறினால் வந்த இடமும் போய்விடும். மேலே கிடைத்துவிட்டாலும் பழைய இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அவர் இதை இரண்டு தடவை கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகுதான் பணம் கட்டினார். சில நாள் கழித்து ஆறாவது வரிக்கு நகர்ந்தது. கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, சிவில். 1945-ல் தொடங்கிய கல்லூரி என்று அவள் ஒரே பெருமை. கிண்டி இந்த முறையும் கிடைக்கவில்லை.

பூக்காரப் பெண்ணின் மகன் சேலத்தில் சேர்ந்தான். அரசுக் கல்லூரி, மெக்கானிக்கல். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போனவன்தான். அவன் அம்மா அன்றைக்கு அழுதுகொண்டே எனக்கு இரண்டு முழம் அதிகம் அளந்துவிட்டாள்.

நானும் தூங்கவில்லைதான். முதல் மாதம் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன், காலையில் எழுந்ததும் ஒரு போன். இப்போது அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு. நேற்றுக் கூப்பிட்டாள். ஹாஸ்டல் ரசம் வாயில் வைக்க முடியவில்லையாம், பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதாம், அறைத் தோழிகள் மூன்று பேருக்கும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம். துவரம்பருப்பைக் காயப் போட்டிருக்கிறேன். மிளகாய் இன்னும் வறுக்கவில்லை.