காப்புரிமை இல்லாத கால்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சைக்கிள் திருத்துமிடம் என்றுதான் நினைப்பார்கள். உள்ளே கால் செய்கிறார்கள்.

நான் போனபோது முரசுமோட்டைப் பக்கத்து வயல்காரர் ஒருவர் வாங்கில் இருந்தார். கண்ணிவெடியில் அவருடைய கால் முழங்காலுக்குக் கீழே போனது. பழைய செயற்கைக் கால் கடிக்கிறதாம். "எங்கை நோகுது ஐயா?" என்று கேட்டபடியே தொழிலாளி எஞ்சிய காலைத் தடவினார். சிவந்த இடங்களில் விரல் நின்றது. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார் பாரம் தாங்கும். வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு தாங்காது. இரண்டையும் மைப் பென்சிலால் குறித்து, நனைத்த சாந்துத் துணியைச் சுற்றினார். இறுகியதும் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் பாரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றினார். உடைத்தெடுத்தபோது காலின் அச்சு வந்தது, மைக்கோடுகளும் அதில் பதிந்திருந்தன. பாரம் தாங்கும் இடத்தை அரத்தால் சீவினார். நோகும் இடத்தில் சாந்து பூசி உயர்த்தினார்.

"எவ்வளவு சீவ வேணும் அண்ணை?"

"அது கைக்குத் தெரியும் தம்பி. கூடச் சீவினா ஐயா இரவிரவா என்னைத்தான் திட்டுவார்."

பிறகு அடுப்பில் இளகிய பாலிஎதிலீன் குழாயை இரண்டு பேர் கையுறையோடு பிடித்து அச்சின்மேல் இழுத்தார்கள். தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பொருள்தான். ஆறினால் இறுகிவிடும், ஆகவே அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை.

அடியில் பூட்டுவது ஜெய்ப்பூர் பாதம். 1968 அளவில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கியது. உள்ளே கடற்பஞ்சு போன்ற ரப்பரும் மரமும், வெளியே ரயர் செய்வதுபோல் அச்சிலிட்டு வேகவைத்த ரப்பர். 1981இல் மக்சேசே விருது சேத்திக்குக் கிடைத்தது; சர்மாவின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? இருவரும் காப்புரிமை எடுக்கவில்லை. அதனால்தான் 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்க முடிந்தது. போர்க்காலத்தில் வன்னியில் வெண்புறா நிறுவனம் கால்கள் செய்ய முடிந்தது. இதேபோல், காசாவில் தாரிக் லூபானி என்ற மருத்துவர் முப்பரிமாண அச்சில் ஸ்டெதஸ்கோப் செய்து, வரைபடத்தை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதை உலகம் வியந்தது. நமக்கு அது பழைய செய்தி.

மேல்நாட்டுச் செயற்கைப் பாதங்கள் பலவும் சப்பாத்துக்குள் இருக்கவென்று செய்யப்பட்டவை. ஜெய்ப்பூர் பாதம் வெறுங்காலோடு சேற்றில் இறங்கும், குந்தவிடும், சம்மணமிடவிடும். வரம்பில் நடக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

பொருள் வராத காலங்களும் இருந்தன. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் சீமெந்தும் எரிபொருளும் பற்றரியும்கூட வன்னிக்குள் வரவில்லை. 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துக்கே தட்டுப்பாடு. அந்தக் காலங்களில் கழற்றிப் போட்ட பழைய கால்களிலிருந்து பாதங்களை எடுத்து, தேய்ந்த அடியை ரயர் ஒட்டுக்காரரிடம் ஒட்டுவித்துப் பூட்டியதாகத் தொழிலாளி சொன்னார். நல்ல வேலை என்று அவர் அதைச் சொல்லவில்லை. "நடந்தவை, அவ்வளவுதான்."

என் கவலை பொருளைப் பற்றியதல்ல. இந்தப் பட்டறையில் இளையவருக்கே நரை விழுந்துவிட்டது. ஜெய்ப்பூர் கொடுத்த செய்முறை இலவசம். அச்சில் எவ்வளவு சீவலாம் என்று அறிந்த கையை யாரும் இலவசமாகத் தரமாட்டார்கள். அதற்கு வருடக்கணக்கான பழக்கமும் மாதச் சம்பளமும் வேண்டும். போர் முடிந்தது 2009இல். ஆனால் செயற்கைக் கால் சில வருடங்களுக்கொருமுறை மாற்ற வேண்டியது. வளரும் பிள்ளைக்கு இன்னும் விரைவாக. முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இனியும் பல பத்தாண்டுகள் வருவார்கள். நீரிழிவால் கால் இழப்பவர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார்கள்.

செயற்கை உறுப்புத் தொழில்நுட்பத்துக்கு ராகமவில் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுக்கு ஒருவரையாவது சுகாதாரத் துறை அங்கே அனுப்பட்டும். படித்துத் திரும்புகிறவருக்கு அந்தந்த மாவட்ட வைத்தியசாலையில் நிரந்தர நியமனமும் கொடுக்கட்டும்.