கையேடு எங்கே இருக்க வேண்டும்?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர், நண்பர்களோடு சேர்ந்து தமிழில் எழுத்துப்பிழை பார்க்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை உருவாக்கி வருகிறார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், நிரலைத் திருத்தவும் செய்யலாம். அதன் பயனர் கையேட்டைப் படித்துத் திருத்தித் தருவது என் வேலை. "சார், கையேட்டை எங்கே வைக்கலாம்? கூகுள் டாக்ஸிலா, விக்கியிலா, நிரல் இருக்கும் கிட்ஹப்பிலேயா?" என்று கேட்டார்.

சின்னக் கேள்விதான். ஆனால் இவர்களுடைய முதல் கையேடு குழுவில் ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தது. அவர் விலகிவிட்டார். இப்போது இணைப்பைத் தொட்டால் அனுமதி கேட்கிறது. அனுமதி தர ஆள் இல்லை. பல மாத உழைப்பு போயிற்று.

தனி மனிதர் என்றில்லை, பெரிய நிறுவனங்களும் கடையைக் கட்டும். யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. நிரல்களை வைக்க இடம் தந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. முன்கூட்டியே பிரதி எடுத்தவர்கள் தப்பித்தார்கள்.

என் பதில்: நிரலோடுதான் வைக்க வேண்டும். பாடி தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இயந்திரத்தை இயக்கும் முறையை அதன் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள். மேலாளர் வீட்டு அலமாரியில் இருந்தால் யாருக்குப் பயன்? லினக்ஸ் கெர்னலிலும் பைத்தான் மொழியிலும் ஆவணங்கள் நிரலுடன்தான் இருக்கின்றன. ஒரு பொத்தானின் பெயரை மாற்றுகிறவர், அதே கையோடு கையேட்டிலும் மாற்றிவிடலாம்.

இன்னொரு நன்மை, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட். திட்டத்தை முழுமையாக இறக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் பழைய திருத்தங்கள் உட்பட முழுப் பிரதி இருக்கும். நாளை கிட்ஹப்பே மூடினாலும் பத்துப் பேர் வீட்டில் கையேடு பிழைத்திருக்கும்.

கையேடு சாதாரண எழுத்துக் கோப்பாக இருப்பதும் முக்கியம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் முதலில் டிஸ்கி குறியீட்டில் இருந்தன. யுனிகோடு வந்தபோது அவற்றை மாற்றிக்கொள்ள முடிந்தது. படமாக மட்டும் இருந்திருந்தால் மறுபடி உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்க வேண்டும்.

"கிட் தெரியாத உங்களைப் போன்றவர்கள் எப்படித் திருத்துவார்கள்?" என்று தம்பி மடக்கினார். நியாயமான கேள்வி. விக்கி என்றால் நானே திருத்திவிடுவேன். அதற்கும் வழி கண்டோம். ரீட் த டாக்ஸ் போன்ற சேவை, அந்தக் கோப்புகளிலிருந்தே படிக்க வசதியான இணையப் பக்கத்தைத் தயாரித்துவிடும். நான் அதைப் படித்துப் பிழைகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். இளைஞர் ஒருவர் பதிவேற்றுவார். அந்தப் பொறுப்புக்கு எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையும் முதல் பக்கத்திலேயே போடச் சொன்னேன்.

குழு ஒப்புக்கொண்டது. இப்போது தேவை ஆட்கள். உங்களில் தமிழ் தட்டச்சு தெரிந்தவர்கள் ஆளுக்கு ஓர் அத்தியாயம் படித்துத் தந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் கீழே பெயரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்